ஸ்டப்ஸின் குதிரைகள் ஓடுவதில்லை

பழைய கிளப்புகளிலும் மலைவாசஸ்தல ஓட்டல்களின் வரவேற்பறைகளிலும் ஒரு வகைப் படம் தொங்கும், பார்த்திருப்பீர்கள். சிவப்புக் கோட்டு, வேட்டை நாய்கள், நாலு காலையும் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு வேலியைத் தாண்டுகிற குதிரை. வரைந்தது யார் என்று குனிந்து பார்க்கக்கூடத் தோன்றாது. இங்கிலாந்தில் இதற்கென்றே ஓர் ஓவியர் கூட்டம் இருந்தது. பணக்காரர்களின் குதிரையை, நாயை, வேட்டையை வரைந்துகொடுத்துப் பிழைத்தவர்கள். கலை வரலாறு எழுதியவர்கள் இவர்களை வாசல் திண்ணையோடு நிறுத்திவிட்டார்கள். பெரும்பாலானவர்கள் விஷயத்தில் அது நியாயம்தான் என்று நான் நினைக்கிறேன். ஜார்ஜ் ஸ்டப்ஸ் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. கொஞ்ச நாளாக அவர் படங்களையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்த நீளப் பதிவு.

முதலில் என்னைப் பிடித்து இழுத்தது ஒரு விசித்திரம். பதினெட்டாம் நூற்றாண்டில் பந்தயக்குதிரைகளை இவரைவிடச் சிறப்பாக வரைந்தவர் யாரும் இல்லை. ஆனால் இவர் படங்களில் பந்தயம் என்பது அநேகமாக நடப்பதே இல்லை. ஓட்டத்துக்கு முன்னால் குதிரை நிற்கும், இல்லாவிட்டால் ஓடி முடித்த பிறகு நிற்கும். காசு கொடுத்து வரையச் சொன்ன பிரபுவும் பல படங்களில் இருக்க மாட்டார். குதிரை, அதைப் பிடித்திருக்கும் லாயக்காரன், துடைத்துவிடும் பையன், இவ்வளவுதான்.

ஸ்டப்ஸ் 1724ல் லிவர்பூலில் பிறந்தவர். அப்பா தோல் பதப்படுத்தும் தொழில் செய்தவர். பதினைந்து பதினாறு வயது வரை மகனும் அதே வேலையில்தான் இருந்தார். தூரிகை பிடிப்பதற்கு முன்பே மாட்டுத்தோலும் குதிரைத்தோலும் கைக்குப் பழகிவிட்டன என்பதை அவர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கென்னவோ பாதிக் கதை அங்கேயே இருப்பதாகத் தோன்றுகிறது. நாற்றத்துக்கு அஞ்சாத மூக்கு ஒன்று பின்னால் அவருக்கு மிகவும் தேவைப்பட்டது.

ஓவியப் பயிற்சி என்று பார்த்தால் சில வாரங்கள்தான். ஹாம்லெட் வின்ஸ்டன்லி என்ற ஓவியர் டெர்பி பிரபுவின் நோஸ்லி மாளிகையில் இருந்த பழைய படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் சேர்ந்தார். எந்தப் படத்தைப் பிரதி எடுப்பது என்பதில் குருவுக்கும் சீடனுக்கும் தகராறு. இனி எவன் படத்தையும் பார்த்து வரையப் போவதில்லை, இயற்கையைப் பார்த்து நானே கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார். இளவயதில் எல்லோரும் இப்படி ஒரு சபதம் போடுவதுதான். எண்பத்தொரு வயது வரை அதைக் காப்பாற்றியவர்கள் குறைவு.

அப்புறம் வடக்கு இங்கிலாந்தில் ஊர் ஊராக முகச்சித்திரம் வரைந்து பிழைப்பு. யார்க் நகரில் இருந்தபோது அங்கிருந்த மருத்துவமனையின் அறுவை மருத்துவர் சார்லஸ் அட்கின்சனிடம் மனித உடற்கூறு கற்றார். அதே ஊரில் ஜான் பர்ட்டன் என்ற மருத்துவர் பிரசவம் பார்ப்பது பற்றி எழுதி 1751ல் வெளியிட்ட நூலுக்குப் படங்கள் வரைந்ததும் இவர்தான். கருப்பைக்குள் குழந்தை எப்படிக் கிடக்கிறது என்று காட்டும் படங்கள். செப்புத் தகட்டில் அமிலம் விட்டு அரித்துப் படம் எடுக்கும் வேலை அதற்கு முன் அவருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, கற்றுக்கொண்டார்.

1754ல் ரோம் போனார். அந்தக் காலத்தில் ஓவியன் என்றால் ரோமுக்குப் போய்ப் பளிங்குச் சிலைகளைப் பார்த்து மெய்மறந்துவிட்டு வர வேண்டும், அதுதான் முறை. ஸ்டப்ஸ் கடைசிக் காலத்தில் தன் நண்பர் ஒசையஸ் ஹம்ஃப்ரியிடம் சொன்ன காரணம் வேறு: கிரேக்கக் கலையானாலும் ரோமானியக் கலையானாலும் இயற்கைக்கு அப்புறம்தான் என்பதைத் தனக்குத் தானே உறுதிசெய்துகொள்ளப் போனாராம். உறுதியானதும் திரும்பிவிட்டார். ஸ்டப்ஸ் தன்னைப் பற்றி அதிகம் எழுதிவைத்தவர் இல்லை. நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த ஹம்ஃப்ரி எழுதிவைத்த குறிப்புகளிலிருந்துதான் வருகிறது. ஹம்ஃப்ரியும் ஓவியர், 1780களில் இந்தியா வந்து கல்கத்தாவிலும் லக்னோவிலும் வரைந்துவிட்டுப் போனவர்.

இனி ஹார்க்ஸ்டோ. லிங்கன்ஷயரில் ஒரு குக்கிராமம். 1756ல் அங்கே தனியாக இருந்த ஒரு பண்ணை வீட்டை வாடகைக்குப் பிடித்தார். கூட இருந்தது மேரி ஸ்பென்சர். திருமணம் செய்துகொள்ளாமலே ஸ்டப்ஸின் வாழ்நாள் முழுக்கத் துணையாக இருந்தவர். அந்த வீட்டில் ஏறத்தாழ பதினெட்டு மாதம் இருவரும் செய்தது ஒரே வேலை. குதிரைகளை அறுத்தார்கள்.

முறையைக் கேளுங்கள். உயிரோடு இருக்கும் குதிரையின் கழுத்து நரம்பைத் திறந்து ரத்தம் முழுவதும் வடியவிட்டுக் கொல்வது. பிறகு ரத்தக்குழாய்கள் சுருங்கிப்போகாமல் இருக்க உருக்கிய கொழுப்பை உள்ளே செலுத்துவது. கூரையிலிருந்து ஒரு இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, அதிலிருந்து பல அளவுக் கொக்கிகளை விலா எலும்புகளுக்கிடையே நுழைத்து முதுகெலும்புக்கு அடியில் மாட்டி, மொத்த உடலையும் தூக்கி நிறுத்துவது. குளம்புகள் ஊன்றிக்கொள்ள அடியில் ஒரு பலகை. செத்த குதிரை, ஆனால் நடக்கப்போகிற மாதிரி நிற்கும். வயிற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கித் தோலை உரிப்பார், முதல் அடுக்குத் தசையை வரைவார், அளவெடுப்பார், குறிப்பு எழுதுவார், அந்த அடுக்கை வெட்டி எடுத்துவிட்டு அடுத்த அடுக்கு. இப்படி எலும்பு வரைக்கும். ஒரு குதிரை பதினொரு வாரம் தாங்கியது என்று ஹம்ஃப்ரி எழுதுகிறார். இப்போது மருத்துவக் கல்லூரிகளில் பிணத்தைக் கெடாமல் வைத்திருக்கும் மருந்து எதுவும் அன்றைக்குக் கிடையாது. பதினொரு வாரம். அந்த வீட்டுக்குள் மேரி ஸ்பென்சர் எப்படிச் சோறாக்கிச் சாப்பிட்டிருப்பார் என்பதுதான் எனக்கு முதலில் வந்த கேள்வி.

ஸ்டப்ஸ் செத்த குதிரையை முதுகில் போட்டுக்கொண்டு தனியாளாக மாடி ஏறுவார் என்று ஒரு கதை சுற்றிக்கொண்டிருந்தது. நம்ப வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஒரு கதை கட்டத் தோன்றுகிற உடம்பும் பிடிவாதமும் அவருக்கு இருந்திருக்கிறது.

வரைந்து முடித்த தாள்களைக் கட்டிக்கொண்டு லண்டன் போனார். அங்கிருந்த செதுக்குக் கலைஞர்களிடம் காட்டினார். படம் படமாக எலும்பும் தசையும். எவரும் தகட்டில் எடுத்துத் தர முன்வரவில்லை. சரி, நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தார். பகலில் வாடிக்கையாளர்களுக்குப் படம், விடிகாலையிலும் ராத்திரியிலும் செப்புத் தகடு என்று வருடக்கணக்கில் போனது. ‘குதிரையின் உடற்கூறு’ 1766ல் வந்தது. பதினெட்டுத் தகடுகள். பக்கவாட்டிலிருந்து, முன்னாலிருந்து, பின்னாலிருந்து என மூன்று கோணம். ஒவ்வொரு கோணத்திலும் எலும்புக்கூடு ஒன்று, தசை அடுக்குகள் ஐந்து. தோலில்லாத அந்தக் குதிரைகள் கால் எடுத்துவைத்து நடந்துகொண்டிருக்கும், காது விறைத்திருக்கும். பாடநூலுக்கு அது தேவையே இல்லை. ஐரோப்பாவில் உடற்கூறு தெரிந்தவர்கள் வியந்தார்கள். டச்சு உடற்கூற்றியல் மேதை பீட்ரஸ் காம்பர் பாராட்டிக் கடிதம் எழுதினார். மூல வரைபடங்களில் 42 இன்று ஓவியர்களின் சங்கமான லண்டன் ராயல் அகாடமியில் இருக்கின்றன.

நூல் வெளிவருவதற்கு முன்பே அந்த வரைபடங்கள் வேலையைக் காட்டிவிட்டன. 1759 வாக்கில் ரிச்மண்ட் கோமகன் தன் குட்வுட் மாளிகைக்கு மூன்று பெரிய படங்கள் கேட்டார். அடுத்து ராக்கிங்ஹாம், கிராஃப்டன், போலிங்ப்ரோக் என்று வரிசையாக வந்தார்கள். எல்லாம் இளவயசுப் பிரபுக்கள், குதிரைப் பைத்தியங்கள். காலமும் அப்படி. குதிரைப் பந்தயக்காரர்களின் சங்கமான ஜாக்கி கிளப் தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கிழக்கேயிருந்து வந்த டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன், பயர்லி டர்க் என்ற மூன்று பொலிகுதிரைகளின் வழியில் தரோபிரெட் என்ற பந்தயக்குதிரை இனமே அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. எந்தக் குதிரை எந்தக் குதிரையின் பேரன் என்பது ஜாதகம் பார்ப்பது மாதிரி ஆகிவிட்டது. பல்லாயிரம் கினி (அந்தக் காலத்து ஆங்கிலப் பொற்காசு) புரளும் இடத்தில், குதிரையின் தோள் எப்படி, தொடை எப்படி என்று அச்சாக வரைந்து தருகிற ஆள் வேண்டும். ஸ்டப்ஸைத் தவிர யாருக்கும் தோலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது.

ராக்கிங்ஹாம் பிரபுவுக்கு 1762 வாக்கில் வரைந்ததுதான் ‘விசில்ஜாக்கெட்’. லண்டன் நேஷனல் கேலரி 1997ல் 1.1 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. கிட்டத்தட்ட பத்தடி உயரம், எட்டடி அகலம். அதற்குள் ஒரே ஒரு செம்பழுப்புக் குதிரை, பின்னங்கால்களில் எழும்பி நிற்கிறது. மரமில்லை, வானமில்லை, புல்லில்லை, ஆளில்லை, சேணமில்லை, கடிவாளமில்லை. பின்னால் ஒரு மங்கிய மஞ்சள்-பழுப்பு, அவ்வளவுதான். இதன் மேல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை உட்காரவைப்பதாக இருந்தது, பிறகு அரசியல் சண்டையில் ராக்கிங்ஹாம் மனம் மாறிவிட்டார், அதனால் படம் பாதியில் நிற்கிறது என்று நெடுங்காலமாக ஒரு கதை உண்டு. கேலரியின் தளத்தில் படத்தைப் பெரிதாக்கிக் கீழே போய்ப் பாருங்கள். பின்னங்குளம்புகளின் அடியிலிருந்து இரண்டு நிழல்கள் விழுந்திருக்கும். பின்னணியை யாராவது பிறகு நிரப்பட்டும் என்று விடுகிறவர் இவ்வளவு கவனமாக நிழல் போட மாட்டார். தரை இல்லாத தரையில் குதிரையை ஊன்றி நிறுத்த அந்த நிழல் போதும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதே காலத்தில் அதே பிரபுவுக்காகத் தாய்க்குதிரைகளும் குட்டிகளும் வரிசையாக நிற்கும் ஒரு படத்தையும் பின்னணி இல்லாமலேயே வரைந்திருக்கிறார். ஆகவே இது தெரிந்தே செய்தது.

மேலே போனால் வயிற்றோரம் நரம்புகள் புடைத்து ஓடுவது தெரியும். தொடைச் சதையில் ஒளி விழுந்து வழுக்குகிற இடமெல்லாம் ஹார்க்ஸ்டோவில் ஒவ்வொரு அடுக்காக உரித்த இடங்கள். அதற்குப் பிறகு கண். கொஞ்சம் வெளிறிப்போய், பக்கவாட்டில் நம்மைப் பார்க்கிறது. விசில்ஜாக்கெட்டுக்கு முன்கோபம் அதிகம் என்று பெயர். படம் முடிகிற நாளில் லாயப் பையன் அதை நடத்திக்கொண்டு வர, சுவரோரம் நின்ற தன் படத்தையே பார்த்து வேறு குதிரை என்று நினைத்துப் பாய்ந்ததாம், ஸ்டப்ஸ் வண்ணப்பலகையாலும் கைத்தாங்கு கோலாலும் அடித்துத் துரத்தினாராம். இதுவும் ஹம்ஃப்ரி எழுதியதுதான். திராட்சையை நிஜமென்று நினைத்துப் பறவை கொத்திய கிரேக்கக் கதையின் தம்பி மாதிரி இருக்கிறது. ஆனாலும் வண்ணப்பலகையைத் தூக்கிக்கொண்டு பத்தடிக் கேன்வாஸைக் காப்பாற்றப் பாயும் ஆளை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எனக்கு விசில்ஜாக்கெட்டைவிட ‘கிம்கிராக்’ பிடிக்கும். 1765. கிம்கிராக் ஒரு குள்ளமான சாம்பல் குதிரை, உயரம் குதிரையை அளக்கும் ‘கை’க் கணக்கில் (ஒரு கை நாலு அங்குலம்) பதினான்கை ஒட்டித்தான். ஆனால் ஓடின ஓட்டங்களில் பெரும்பாலானவற்றை ஜெயித்தது. போலிங்ப்ரோக் பிரபு வரையச் சொன்ன படத்தில் ஒரே குதிரை இரண்டு இடத்தில் இருக்கிறது. வலப்பக்கம், தொலைவில், பந்தயம்: கிம்கிராக் எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டு முன்னே போகிறது. இடப்பக்கம், நமக்கு அருகில், அதே கிம்கிராக் ஓடி முடித்து நிற்கிறது. பயிற்சியாளர் தலையைப் பிடித்திருக்கிறார், ஒரு பையன் மண்டியிட்டுக் காலைத் தேய்த்துவிடுகிறான், ஜாக்கி பக்கத்தில் நிற்கிறார். பந்தயம் பொம்மை அளவு. துடைப்பதுதான் பெரிதாக இருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள். பார்வையாளர் மாடம் ஆளில்லாமல் கிடக்கிறது. வெற்றியைக் கொண்டாட ஒரு ஈ காக்கை இல்லை. பெரும் பணம் கொடுத்து வாங்கிய வெற்றிப் படத்தில் கைதட்ட ஆளே வைக்காத ஓவியரைப் பற்றி போலிங்ப்ரோக் என்ன நினைத்தாரோ. 2011ல் இந்தப் படம் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 2.24 கோடி பவுண்டுக்குப் போனது.

அந்தப் படத்தில் ஒரு செங்கல் கட்டடம் இருக்கும். குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன நியூமார்க்கெட் ஊரின் திடலில் ஓடி முடித்த குதிரைகளை வியர்வை துடைத்துவிடுவதற்கென்று கட்டிய வீடுகளில் ஒன்று. ஸ்டப்ஸ் இந்த வீடுகளை மட்டும், குதிரையும் ஆளும் இல்லாமல், தனியாக இரண்டு சிறு படங்களாக வரைந்து வைத்துக்கொண்டார்; ஒன்று இன்று டேட் கேலரியில் இருக்கிறது. அதிலிருந்து எடுத்தே பல ஆண்டுகள், பல குதிரைகளுக்குப் பின்னால் அந்தக் கட்டடத்தை வைத்தார். பந்தயத் திடலில் கோட்டைத் தாண்டுகிற இடத்தை விட்டுவிட்டு, குதிரைக்கு மூச்சு வாங்குகிற இடத்தை மனப்பாடம் செய்த மனுஷன்.

நம் பக்கத்துச் சங்கதி ஒன்றும் உண்டு. ஜார்ஜ் பிகட் என்று சென்னைக் கோட்டைக்கு 1755 முதல் 1763 வரை கவர்னராக இருந்தவர், பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது தாக்குப்பிடித்தவர், பெரும் செல்வத்தோடு ஊர் திரும்பினார். திரும்பும்போது மன்னருக்குப் பரிசாக ஒரு சிவிங்கிப்புலி. கூடவே அதைப் பழக்கத் தெரிந்த இந்தியர்கள். நம் மன்னர்கள் சிவிங்கியை விட்டு மான் வேட்டையாடியதை இங்கிலாந்துக்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்று 1764 ஜூனில் வின்ட்சர் பூங்காவில் வலைகட்டி ஒரு கலைமானையும் சிவிங்கியையும் உள்ளே விட்டார்கள். மான் கொம்பைத் தாழ்த்தி விரட்டியது. சிவிங்கி வலையைத் தாண்டி ஓடி, வேறெங்கோ நின்ற ஒரு புள்ளிமானைப் பிடித்துத் தின்றது. காட்சி படுதோல்வி.

இதைப் பிகட்டுக்காக ஸ்டப்ஸ் வரைந்த படம் மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஒன்பது அடி அகலம். அவர் தேர்ந்தெடுத்தது எல்லாவற்றுக்கும் முந்தைய கணம். சிவிங்கியின் தலையில் சிவப்புக் குல்லாய், கண்ணை மறைத்திருந்ததை மேலே ஏற்றிவிட்டிருக்கிறார்கள். இடுப்பில் சிவப்புத் துணிப்பட்டை. வெள்ளை உடையும் தலைப்பாகையுமாக இரண்டு இந்தியர்கள். ஒருவர் விலங்கைப் பிடித்திருக்கிறார், இன்னொருவர் கையை நீட்டி மானைக் காட்டுகிறார், ‘அதோ பார்’ என்று. சிவிங்கியோ அசையாமல் நிற்கிறது. அந்தக் காலத்து ஆங்கிலப் படங்களில் இந்திய முகம் வந்தால் பெரும்பாலும் ஓரத்தில் குடைபிடிக்கும் அலங்காரப் பொருளாக வரும். இங்கே இரண்டு பேரும் இரண்டு தனி மனிதர்கள், தனித்தனி முகம், தங்கள் வேலையில் கண்ணாக இருப்பவர்கள். பிகட் படத்தில் இல்லை. அவர் மறுபடி சென்னைக்குக் கவர்னராக வந்து, தஞ்சாவூர் விவகாரத்தில் தன் சொந்தக் கவுன்சிலாலேயே 1776ல் கைதுசெய்யப்பட்டு, அடுத்த ஆண்டு காவலிலேயே செத்துப்போனது தனிக்கதை. வேறொரு நாள் எழுத ஆசை.

ஸ்டப்ஸிடம் இப்படி வெளிநாட்டு விலங்குகளை வரையச் சொல்லி வந்தவர்கள் நிறைய. அரசி சார்லட்டின் வரிக்குதிரை, மருத்துவர் வில்லியம் ஹன்டருக்காக ஒரு நீலமானும் ஒரு மூஸ் மானும், அவர் தம்பி ஜான் ஹன்டருக்கு ஒரு காண்டாமிருகம். குக் கேப்டனின் கப்பலில் போன ஜோசப் பேங்க்ஸ் கொண்டுவந்த தோலை வைத்து 1772ல் ஒரு கங்காருவையும் வரைந்தார். இங்கிலாந்துக்காரர்கள் அந்தப் பிராணியைப் பார்த்தது அந்தப் படம் வழியாகத்தான். உயிரோடு பார்க்காமல் வரைந்தது என்பது அதில் தெரிகிறது. கொஞ்சம் பெரிய எலி மாதிரி இருக்கும். கண்ணால் பார்க்காததை வரையும்போது ஸ்டப்ஸும் சாதாரண ஓவியர்தான் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். வரிக்குதிரையைப் பாருங்கள், காதிலிருந்து குளம்பு வரை அத்தனை கோடும் சரியாக இருக்கும், நிற்பது மட்டும் ஏதோ ஆங்கிலேயத் தோப்பு.

இவ்வளவு செய்தும் ஊர் அவருக்கு வைத்த பட்டம் ‘குதிரைக்காரர் ஸ்டப்ஸ்’ என்கிற அளவில்தான் இருந்தது. ராயல் அகாடமியின் கணக்கில் புராணமும் சரித்திரமும் வரைகிறவன் மேலே, முகம் வரைகிறவன் அதற்கடுத்து, விலங்கு வரைகிறவன் எங்கோ கீழே. அவருக்கு இது உறுத்தியது. வெட்ஜ்வுட் பீங்கான் ஆலையின் ஜோசையா வெட்ஜ்வுட்டைப் பிடித்து, பெரிய பெரிய பீங்கான் பலகைகள் சுட்டுத் தரச் சொல்லி, அவற்றின் மேல் எனாமல் வண்ணத்தில் வரைந்தார். நிறம் மங்காது, நூற்றாண்டுகள் நிற்கும் என்பது கணக்கு. வாங்க ஆள் வரவில்லை. 1781ல் அகாடமி முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் கண்காட்சியில் தன் எனாமல் படங்களை மோசமான இடத்தில் மாட்டினார்கள் என்று கோபம். உறுப்பினராவதற்கு ஒரு படம் கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுக்கவே இல்லை. பதவியும் வரவில்லை. பிடிவாதத்தில் வின்ஸ்டன்லியிடம் சண்டை போட்ட பையனேதான்.

அந்தக் கோபக் காலத்தில் 1785ல் வரைந்த ‘வைக்கோல் வாருபவர்கள்’, ‘அறுவடை செய்பவர்கள்’ இரண்டும் அபாரம். வயலில் இவ்வளவு சுத்தமான உடையோடு யார் நிற்பார்கள் என்று கேட்கலாம், கேட்டிருக்கிறார்கள். ஆனால் ஆட்கள் நிற்கும் இடைவெளி, கை நீளும் கோடு, எல்லாம் தாளக்கட்டோடு இருக்கும். அறுவடைப் படத்தில் குதிரைமேல் இருந்து மேற்பார்வை பார்க்கிறவரையும் குனிந்து அறுக்கிறவரையும் அவர் ஒரே கவனத்தோடுதான் வரைகிறார்.

விதிவிலக்கும் உண்டு, மறைக்கக் கூடாது. வெள்ளைக் குதிரையைச் சிங்கம் தாக்கும் காட்சியை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். அதில் வேகமும் பயமும் ரத்தமும் உண்டு. மொராக்கோக் கரையில் நேரில் பார்த்தார் என்பார்கள். அதைவிட ரோமில் இருக்கும் பழைய பளிங்குச் சிலைதான் மூலம் என்பது பொருத்தமாகப் படுகிறது. எனக்கு அந்த வரிசை அவ்வளவாக ஒட்டவில்லை. நாடகம் கொஞ்சம் தூக்கல். அதே போல 1790களில் ‘பேரனெட்’ என்ற குதிரையை ஜாக்கியோடு நாலு காலும் அந்தரத்தில் நீட்டிப் பறக்கவிட்டிருக்கிறார். குதிரை அப்படி ஓடுவதே இல்லை என்பது 1878ல் மைப்ரிட்ஜ் கேமராக்களை வரிசையாக வைத்துப் படம் பிடித்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. ஒவ்வொரு தசையையும் உரித்துப் பார்த்தவராலும் வெறும் கண்ணால் அதைப் பிடிக்க முடியவில்லை. நிற்கும் குதிரையிலேயே அவர் தங்கிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பார்த்து உறுதி செய்ய முடியாததில் அவருக்கு மனம் செல்லாது.

எழுபது வயதைத் தாண்டி, மறுபடி கத்தியை எடுத்தார். மனிதன், புலி, கோழி, மூன்றின் உடலையும் ஒப்பிட்டு ஒரு பெரிய நூல். ஒரு ராத்திரி பத்து மணிக்கு, ஸ்ட்ராண்டில் பிட்காக்கின் விலங்குக் காட்சியில் ஒரு புலி செத்துப்போனது என்று தகவல் வர, படுக்கையிலிருந்து எழுந்து ஓடி மூன்று கினிக்கு அதை வாங்கி வந்தாராம். அந்த வரைபடங்கள் பின்னால் எங்கோ போய், 1957ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் வூஸ்டர் பொதுநூலகத்தில் கிடைத்தன. இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஒரு படத்தில் மனித எலும்புக்கூடு குனிந்து, விலங்குபோல நிற்கிறது. நூல் முழுதாக முடியுமுன் 1806 ஜூலை 10ல் லண்டனில் இறந்தார்.

இந்த வேலைக்கு நடுவில்தான் ‘ஹேம்பிள்டோனியன்’. 1799 மார்ச் 25, நியூமார்க்கெட். சர் ஹென்றி வேன்-டெம்பெஸ்டின் ஹேம்பிள்டோனியனுக்கும் டைமண்ட் என்ற குதிரைக்கும் நேருக்கு நேர் போட்டி, பந்தயத் தொகை 3,000 கினி, தூரம் நான்கு மைலுக்கு மேல். ஊரே திரண்டது. ஹேம்பிள்டோனியன் அரைக் கழுத்து வித்தியாசத்தில் ஜெயித்தது. ஜெயிக்கவைக்க ஜாக்கி சாட்டையையும் குதிமுள்ளையும் இரக்கமில்லாமல் பயன்படுத்தியிருந்தார். இரண்டு குதிரைகளுக்கும் விலாவெல்லாம் ரணம்.

வேன்-டெம்பெஸ்ட் வெற்றியை வரையச் சொன்னார். எழுபத்தைந்து வயது ஓவியர் பன்னிரண்டு அடி அகலக் கேன்வாஸில் வரைந்தது, துடைத்துவிட நிற்கும் குதிரையை. படத்தின் குறுக்கே அது நிறைந்து நிற்கிறது. காது பின்னால் மடிந்திருக்கிறது, வாய் திறந்திருக்கிறது. ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் தூக்கியிருக்கிறது, நிஜத்தில் அப்படி நின்றால் கவிழ்ந்துவிடும். குதிரையின் உடல் பற்றி அன்றைக்கு உலகத்திலேயே அதிகம் தெரிந்த ஓவியர் இதைத் தெரியாமல் செய்திருப்பாரா? விழாமல் விழுந்துகொண்டிருக்கும் ஒரு உடலைக் காட்ட அவருக்கு வேறு வழி தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். பயிற்சியாளர் கடிவாளத்தைப் பிடித்திருக்கிறார். லாயப் பையன் ஒரு கையைக் குதிரையின் மேல் போட்டுக்கொண்டு, மறுகையில் துணியோடு நிற்கிறான். இரண்டு பேரும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள், சிரிக்கவில்லை. பின்னால், வழக்கம்போல, துடைக்கும் வீடு. கோப்பை இல்லை, கூட்டம் இல்லை, முதலாளி இல்லை.

வேன்-டெம்பெஸ்ட் பேசிய 300 கினியைக் கொடுக்க மறுத்தார். ஸ்டப்ஸ் வழக்குப் போட்டு வென்றார். அந்தப் பிரபுவின் மேல் எனக்குப் பெரிய கோபமும் இல்லை, அவர் கேட்டது வேறு, கிடைத்தது வேறு. படம் அவர் மகள் வழியாக லண்டன்டெரி குடும்பத்துக்குப் போய், இன்று வட அயர்லாந்தில் மவுண்ட் ஸ்டூவர்ட் மாளிகையில், பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. பெல்ஃபாஸ்ட் பக்கம் வேலையாகவோ படிப்பாகவோ இருப்பவர்கள் ஒரு நாள் ஒதுக்கிப் போய்வாருங்கள். அந்த அளவும் அந்தப் பையனின் பார்வையும் செல்போன் திரையில் பிடிபடாது.